ஒரு கைப்பிடிச் சரளை

சைக்கிள் ஓட்டுகிறவர், ஓட்டாதவர் என்று உலகத்தில் இரண்டே இனம்தான் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. சைக்கிள் தேர்ந்தெடுக்கிறவர். அதில் அசல் சரக்கு ஒருவரைக் காட்டுகிறேன், லிஃப்ட் மெக்கானிக்.

ஊருக்கு வெளியே ஏரியைச் சுற்றி ஒரு சரளைக்கல் பாதை. அவர் மனைவி தினமும் காலையில் கூடை வைத்த பழைய சைக்கிளில் தடதடவென்று ஒரு சுற்று போய்வருவாள். ஒருநாள் கேட்டாள்.

"ஏங்க, நீங்களும் கூட வாங்களேன். வீட்டுல நாம பேசிக்கிறதே கேஸ் தீர்ந்துபோனாத்தான்."

மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நாளைக்கே சைக்கிள் வாங்கிடறேன்!"

வாங்கினாரா? கைக்கு அடக்கமான விலையில் ஒன்றை மனசில் குறித்துக்கொள்வார். சாப்பிட உட்கார்ந்தால் யோசனை வரும்: சரளையில் இந்த பிரேக் பிடிக்குமா? இன்னும் கொஞ்சம் போட்டால் டிஸ்க் பிரேக். அவ்வளவு போட்டவன் இன்னும் கொஞ்சம் போட்டால் இரும்பு போய் அலுமினியம். அதற்கும் மேலே கொஞ்சம் போட்டால் அகல டயர் என்று ஏறிக்கொண்டே போய் மோட்டார் சைக்கிள் விலையில் நிற்பார். தலை சுற்றும். தரைக்கே இறங்கிவிடுவார். லிஃப்ட் பார்க்கிறவர் அல்லவா? ஏறும், இறங்கும். எந்த மாடியிலும் கதவு மட்டும் திறக்காது.

கடைக்காவது சும்மா போவாரா? பாதையில் ஒரு கைப்பிடிச் சரளையை அள்ளிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போய், கடைக்காரரின் கண்ணாடி மேசையில் கொட்டினார்.

"இந்தக் கல்லுக்கு எந்த டயருங்க?"

"எது போட்டாலும் ஓடும் சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கூர்க்கல்லும் கலந்திருக்கு."

கடைக்காரர் ஒரு கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நகைக்கடை அடுத்த தெரு சார். இங்க சைக்கிள்தான். ஏறி ஒரு ரவுண்டு போய்ப் பாருங்களேன்."

"ஐயோ, ஏறிட்டா ஆசை வந்துடும். அப்புறம் எங்க யோசிக்கிறது?"

கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"நாளைக்காவது வருவீங்களா?" என்பாள் மனைவி. "அவசரப்படாதே" என்பார். பக்கத்தில் இன்னொரு சைக்கிள் வரப்போகிறதே என்று அவள் ஓரமாகவே ஓட்டிப் பழகிவிட்டாள். மழை போனது, வெயில் போனது, மறுபடியும் மழை வந்தது. ஓரமாகவேதான் ஓட்டினாள்.

ஒரு காலை, போன வேகத்தில் திரும்பி வந்தாள். சக்கரமெல்லாம் கறுப்பு.

"பாதையில ரோலர் ஓடுது. தார் போடறாங்க."

நம்மவர் துள்ளி எழுந்தார். "பாத்தியா! உன் பேச்சைக் கேட்டுச் சரளைக்குன்னு வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவள் ஃபிரிட்ஜ் மேலிருந்த சரளைப் பையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பத்திரமா வெச்சுக்குங்க. அந்தப் பாதையில மிச்சம் இதுதான்."

அன்று சாயங்காலமே அவர் கடையில் நின்றார். "தார் ரோட்டுக்கு எந்த டயருங்க?"

இப்போது ஏரியைச் சுற்றி வழவழவென்று ரோடு. அவள் நடுவில் ஓட்டுகிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அவர் கல்லைக் கொட்டினபோது, 'உண்மையிலேயே அதற்கு எந்த டயர் சரி?' என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களா இல்லையா? போட்டிருந்தால், படிப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது ஓரமாக ஓட்டிக்கொண்டிருக்கலாம்.