பென்சிலை நம்பாத வேட்பாளர்

சுதந்திரம் பேனா முனையில் இருக்கிறது. பென்சில் முனையில் இருப்பது வெறும் அடிமைத்தனம். இந்த மகத்தான உண்மையை மயிலாப்பூருக்குக் கண்டு சொன்னவன் நான்தான்: வக்கீல் அனந்தராமன், பி.ஏ., பி.எல்., நகரசபைத் தேர்தலில் எங்கள் வார்டின் வேட்பாளர்.

ஓட்டுச் சாவடியில் சர்க்கார் பென்சில்தான் வைக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே எனக்குத் தூக்கம் போயிற்று. ரப்பரால் அழித்துவிட்டு, என்னை எதிர்த்து நிற்கும் மரக்கடை பஞ்சாட்சர முதலியாருக்குக் குறி போட்டுவிட்டால்? மாட வீதியில் கூட்டம் போட்டு முழங்கினேன்.

"பென்சிலைத் தொடாதீர்கள்! மைப் பேனாவால் குறியிடுங்கள்! பேனா இல்லாதவர்களுக்கு என் பேனா இருக்கிறது!"

பலத்த கைதட்டல். தட்டியவர்கள் எல்லாரும் என் கட்சிக்காரர்கள். அதாவது, கோர்ட்டில்.

தேர்தலன்று சட்டைப் பைகளில் பேனாக்கள் அணிவகுத்து வந்தன. குப்பத்திலிருந்து வந்த பக்கிரி மட்டும் தயங்கினான்.

"இன்னா சாமி, உள்ளாற பென்சில் கீதுன்றாங்களே. அதால போட்டா ஆவாதா?"

"உன் உரிமையை அழித்துவிடுவார்கள், பக்கிரி!"

என் பேனாவை வாங்கிக்கொண்டு போனவன், விரலெல்லாம் நீலமாக வெளியே வந்தான்.

"நல்லா அமுத்திப் போட்டுக்கினு வந்தேன் சாமி. எவனும் அழிக்க முடியாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓட்டு எண்ணும் அதிகாரி இனாயத் சாகிபு முதல் சீட்டைப் பிரித்தார். என் பெயருக்கு நேரே கம்பீரமான பெருக்கல் குறி. சீட்டை மடித்தபோது ஈர மை ஒற்றிக்கொண்டு, கீழே முதலியார் பெயருக்கு நேரேயும் அதே குறி.

"இரண்டு பேருக்கும் விழுந்திருக்கிறது. செல்லாது."

"என்னுடையது அழுத்தமாக இருக்கிறதே, ஐயா!"

"அழுத்தத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, வக்கீல் சார்."

அடுத்ததும் செல்லாது. அதற்கடுத்ததும். முதலியாரின் பென்சில் குறிகளோ போட்ட இடத்தில் சமர்த்தாக இருந்தன. எந்த ரப்பரும் அவற்றைத் தேடி வரவில்லை. முதலியார் ஜெயித்தார். என் சொந்த ஓட்டும் செல்லாத குவியலில்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். என் மனைவி விஜயலக்ஷ்மி மோர் கொடுத்தாள்.

"சர்க்கார் சதி பண்ணிடுத்து, விஜயம். மை ஒத்தற தாள் வைக்கலை."

"நான் பென்சிலாலதான் போட்டேன்."

பூரித்துப்போனேன். "அப்போ எனக்கு ஒரு ஓட்டாவது செல்லியிருக்கு!"

"உங்களுக்குப் போட்டேன்னு யார் சொன்னா?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"முதலியார் குழாயைப் பத்திப் பேசினார். நீங்க பென்சிலைப் பத்திப் பேசினேள். நம்மாத்துக் குழாயில தண்ணி நின்னு எத்தனை நாளாச்சு, சொல்லுங்கோ பார்ப்போம்?"

வார்டின் வேட்பாளருக்கு அது தெரிந்திருக்கவில்லை.