புதினா மிட்டாய் வைத்தியம்

அன்று காலை ஒரு வரலாற்று முடிவெடுத்தேன். என் மகளின் வாய் நாற்றத்தை நானே, தனி ஆளாக, எந்த டாக்டரின் தயவும் இல்லாமல் ஒழித்துக்கட்டுவது!

என் தகுதி என்ன என்று கேட்பீர்கள். எனக்குச் சலவைக்கடை. வந்து விழும் சட்டையை முகர்ந்தே, போட்டிருந்தவர் சமையல்காரரா, பெட்ரோல் பங்க்கில் நிற்பவரா, மாமியார் வீட்டு விருந்துக்குப் போய் வந்தவரா என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட மூக்கன் பெற்ற பெண்ணைப் பார்த்து, இரண்டாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருகிற சிறுமி, "உன் வாய் நாறுது" என்று சொல்லிவிட்டாள்.

தினமும் நான் கடையிலிருந்து வந்ததும் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஒரு ரகசியம் சொல்வாள். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள், டீச்சர் எப்போது கொட்டாவி விட்டார், எல்லாம் எனக்கு அத்துப்படி. இப்போது எட்டி நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள். என் காதுக்கு வேலை போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது.

"பல் டாக்டர்கிட்ட காட்டலாங்க" என்றாள் மனைவி.

"இதுக்குப் போயி டாக்டரா? நான் எதுக்கு இருக்கேன்?"

"அதைத்தான் கல்யாணம் ஆனதுலேருந்து நானும் யோசிக்கிறேன்."

ஒரு விஷயம் நமக்குள் இருக்கட்டும். பல் டாக்டரின் நாற்காலி என்றாலே எனக்கு அப்படி ஒரு பயம். என் கடைவாய்ப் பல் ஒன்று வெகுநாளாகத் தகராறு செய்கிறது. அதைக் காட்டச் சொல்லி மனைவி கேட்காத நாளில்லை. நான் நழுவாத நாளுமில்லை. மகளைச் சாக்கு வைத்து என்னையும் உட்கார வைத்துவிட்டால்?

ஆகவே கடை உத்தியைக் கையாண்டேன். துவைத்தும் வாடை போகாத சட்டைக்கு நாங்கள் சென்ட் அடித்து இஸ்திரி போட்டுவிடுவோம். வாடிக்கையாளர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். மகளுக்கும் அதே வைத்தியம். பள்ளிக்கூடம் போகும்போது ஒரு புதினா மிட்டாய், படுக்கும்போது வாயில் ஒன்று. அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று ஒப்பந்தம்.

முதல் நாள் வீடே மணத்தது. வாரக் கடைசியில் புதினாவும் சேர்ந்து நாறியது. "பல்லு கூசுதுப்பா" என்றாள் மகள்.

மனைவி மகளின் தலையணையை என் மடியில் போட்டாள்.

"மோந்து பாருங்க."

"தலையணைதானே?"

"புதினா. உறையில ஒட்டிக்கிட்டிருக்கு. அழுக்குத் துணியில சென்ட் அடிக்கிற புத்தியக் குழந்தை வாயிலயுமா காட்டுவீங்க?"

பிறகு காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு மாசமா அவளுக்கு மூக்கடைப்பு. வாயத் திறந்துக்கிட்டுத்தான் தூங்கறா. காலையில வாய் காஞ்சு கிடக்கு. ஸ்கூலுக்குக் கொடுத்து விடற தண்ணி அப்படியே திரும்பி வருது. பல்லு தேய்க்கிறேன்னு கண்ணாடியில தெரியற முன்பல்ல மட்டும் தேய்க்கறா. நாக்குல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. இதுக்கு மேல நீங்க சர்க்கரை வேற பூசறீங்க."

அதே வீடு, அதே குழந்தை. நான் முகர்ந்துகொண்டிருந்த நேரமெல்லாம் இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! இப்படி ஒரு பெண்பிள்ளையோடா இத்தனை காலம் குடித்தனம் நடத்துகிறோம் என்று மலைப்பாக இருந்தது. காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. அவள் கையில் கத்தி இருந்ததால் கிட்டே போகவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் டாக்டர். நீங்க சும்மா கூட வந்தாப் போதும்."

"என்னை உக்காரச் சொல்ல மாட்டியே?"

"நான் ஏங்க சொல்லப் போறேன்?"

சொன்னபடியே அவள் சொல்லவில்லை. நாற்காலியில் ஏறிய மகள்தான் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். டாக்டரம்மா கெஞ்சினார். பொம்மை காட்டினார். ம்ஹூம். வாயைப் பொத்திய கையை எடுக்காமலே முனகினாள்.

"அப்பா முதல்ல."

மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த பல் படத்தை ரசித்துக்கொண்டிருந்தாள்.

மகளைப் பார்த்தேன். இவள் வாயைத் திறக்காவிட்டால் என் காதுக்கு இனி ரகசியம் ஏது? பெற்ற பாசம் பயத்தை அமுக்கிவிட்டது. அவளை இறக்கிவிட்டு, நான் ஏறிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஆ" என்றேன்.

"நீங்க போன்ல சொன்ன அதே பல்லுதாம்மா" என்றார் டாக்டரம்மா, என் மனைவியிடம். "இப்பவே எடுத்துடலாம்."

வாய் நிறையக் கண்ணாடியும் குழாயும் இருந்ததால் என் எதிர்ப்பு யார் காதிலும் விழவில்லை. மகள் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கப்பா" என்றாள்.

பல் போயிற்று. அடுத்து மகள் துள்ளி ஏறி, தொண்டை தெரிய வாயைத் திறந்தாள். சின்னச் சொத்தை ஒன்றை அடைத்தார்கள். மனைவி காய் நறுக்கும்போது சொன்னதையெல்லாம் டாக்டரம்மாவும் ஒன்று விடாமல் சொல்லி, மூக்கடைப்புக்கு இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அன்று முதல் மகளுக்குக் கடைசிப் பல் வரை பிரஷ், நாக்கு வழிப்பு, பாட்டில் காலியாகும் வரை தண்ணீர். மிட்டாய் ஒழிந்தது. மூக்கும் திறந்துகொண்டது.

ஒரு சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கழுத்தில் பாரம். காதோரம் சுத்தமான, சூடான மூச்சு. என் கண் கலங்கிவிட்டது.

"அப்பா, ஒரு ரகசியம். அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லுடா கண்ணு."

"அன்னிக்கு எனக்குப் பயமே இல்லப்பா. நீங்க ஏறிப் படுக்கற வரைக்கும் வாயத் திறக்காதேன்னு அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க."