கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் சேர்ந்த காலேஜ்

தாம்பரம்,
26.7.91, வெள்ளிக்கிழமை

என் பெல்லுக்கு,

உன் பெண்சாதி தனம் விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் நம் பெண் சாமுவும் ஏதோ இருக்கிறோம். அங்கே உனக்கு எப்படி என்று கேட்பதுதான் முறை, கேட்டால் மட்டும் சொல்லவா போகிறாய் என்று அதை விட்டுவிட்டேன். முதலில் 'நீங்கள்' போட்டுத்தான் இரண்டு வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் தாசில்தாருக்கு மனு கொடுக்கிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு வீட்டில் பேசின மாதிரியே எழுதுகிறேன். பெல்லு என்று நான் உன்னைக் கூப்பிடுவது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். சைக்கிள் கடைக்காரனுக்கு வேறு என்ன பேர் வைப்பது, அதுவும் நீ தெருமுனையில் திரும்பும்போதே உன் வாய் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். நாளைக்கு உனக்கு முப்பதாம் நாள் படையல். கருவாட்டுக் குழம்பு, மசால் வடை, கோலி சோடா எல்லாம் வைத்து, இலைக்கு அடியில் இந்தக் காகிதத்தையும் வைக்கப்போகிறேன். மேலே வைத்தால் உன் அண்ணன் எடுத்துப் படித்துவிடுவார். ஐந்தாவது படித்தவள் எழுதுவது, தப்பு இருந்தால் சிரிக்காதே.

எனக்கு உன்மேல் கோபம். செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அவர்கள் யாரும் உனக்குப் பெண்டாட்டி இல்லை. சாமு பன்னிரண்டாவதில் ஆயிரத்துப் பன்னிரண்டு மார்க் எடுத்தாள், சரி, தெருவுக்கே சாக்லேட் கொடுத்தாய், அதுவும் சரி. பட்டணத்துப் பெரிய காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டாய். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு வருஷம் காத்து அடித்தவன், உனக்கு அந்த ஆசை இருக்காதா? "நான் காத்து அடிச்ச டயருல போனவன்லாம் இன்னிக்கு ஜட்ஜா கீறான், டாக்டரா கீறான், இப்ப பொண்ணுங்களையும் சேத்துக்கிறாங்கடி, என் பொண்ணு அந்த கேட்டுக்குள்ள போவட்டும்" என்று ராத்திரி பகல் பார்க்காமல் சொன்னாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் கடையிலிருந்து வந்து, சீட்டு கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் மணி அடித்துவிட்டாய். லெட்டர் எங்கே என்று நான் கேட்டதற்கு, "கீது கீது, அப்பால காட்றேன்" என்றாய். கடைசி வரைக்கும் காட்டவில்லை. நீ போன பிறகு கடையில் டியூப் டப்பா, ஆயில் டப்பா, பாய்க்கு அடியில் எல்லாம் தேடிவிட்டேன். பஞ்சர் சொல்யூஷன்தான் கையில் ஒட்டியது. லெட்டர் இருந்தால்தானே கிடைக்கும், பொய்யனே.

நீ மணி அடித்து நாலு நாள் கழித்துத்தான், அந்தப் புதன்கிழமை, சாமு வாயைத் திறந்தாள். "அப்பா, நான் பெரிய காலேஜுக்குப் போவலப்பா. ஊரப்பாக்கம் தாண்டி புதுசா ஒரு காலேஜ் வந்துகீது. அங்க கணக்கு எடுக்கிற மேடம் எங்க ஸ்கூலுக்கு வந்து ஒரு மாசம் கிளாஸ் எடுத்தாங்க. எனக்கு அவங்ககிட்டதான் படிக்கணும்" என்றாள். நீ புதன் பேசவில்லை, வியாழன் பேசவில்லை. பதினெட்டு வருஷத்தில் பெல் அடிக்காத இரண்டு நாள் அதுதான். வெள்ளிக்கிழமை காலையில், "பல்லாவரம் சந்தையில பழைய ரிம் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். பல்லாவரம் ஸ்டேஷன் படியில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். உன்னை ஆஸ்பத்திரியில் மூட்டை கட்டிக் கொடுத்தார்கள், உன் துணியைத் தனியாக ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சின்ன மூட்டையை நான் இன்னும் பிரிக்கவில்லை.

இப்போது போஸ்டர் கதையைக் கேள். நீ போன அன்றைக்கே உன் அண்ணன் துளசிங்கம் மாமா பிரஸ்ஸுக்கு ஓடி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துவிட்டார். நிலம் வாங்கி விற்கிறவருக்குச் சுவர் எல்லாம் தன் சுவர்தான். உன் போட்டோ, கீழே பொன்னுரங்கம் என்று உன் பேர், அதற்குக் கீழே அழுகிறவர்கள் லிஸ்ட். மாமா பேருக்குப் பின்னால் 'ரியல் எஸ்டேட்', அவர் பையன் சிட்டிபாபு பேருக்குப் பின்னால் 'பி.ஏ.', இன்னும் இரண்டு பேப்பர் எழுத வேண்டும் என்பதைப் போடவில்லை. என் பேருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் புள்ளி. சாமு பேருக்குப் பின்னால் பி.எஸ்சி. கணிதம் என்று போட்டு, பெரிய காலேஜின் பேரை முழுசாகச் சிவப்பு மையில் போட்டிருந்தார்கள். உன் பேரைவிட அது பெரிசு. ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட் வரைக்கும், சிட்லபாக்கம் ஏரிப் பக்கம்கூட ஒட்டியிருந்தார்கள். நீ செத்த சேதியும் அவள் சேர்ந்த சேதியும் ஒரே பசையில் ஊருக்குப் போய்விட்டது.

வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், அழுது முடித்ததும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு எதற்குத் தலையாட்டுவது என்று தெரியவில்லை. எதிர்வீட்டு சுந்தரவல்லி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஐயோ ராசா, காத்து அடிச்ச கை காத்தாப் போச்சே" என்று ஒப்பாரி வைத்தாள். மூக்கைச் சிந்துகிற சாக்கில் என் காதில், "ஏன்க்கா, பாப்பாவுக்கு ஹாஸ்டலா, டெய்லி டிரெயினா?" என்றாள். பதில் சொல்வதற்குள் திரும்பவும் ஒப்பாரி. அவள் மூச்சு வாங்குகிற நேரமெல்லாம் ஒரு கேள்வி வந்தது. யூனிஃபார்ம் உண்டா, எத்தனை மணி டிரெயின், கேன்டீன் எப்படி. நீ நடுவில் படுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கிடந்தாய். எழுந்து பதில் சொல்லு, நீதானே ஆரம்பித்தாய் என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். துக்கத்தில் உலுக்குகிறாள் என்று நாலு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

பதினாறு முடிந்ததும், விஷயம் வெளியே தெரிவதற்குள் போஸ்டரைக் கிழித்துவிடலாம் என்று விடியற்காலை பால் வாங்குகிற மாதிரி கிளம்பினேன். மார்க்கெட் சுவரில் பாதி கிழித்திருப்பேன், டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, புருசன் போஸ்டர நீயே கிழிக்கிற, அப்படி இன்னா பண்ணாரு மனுசன்?" என்று கத்தினார். வீட்டில் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ள என்று சொல்லி, உன் மூஞ்சியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். ஸ்டேஷன் பக்கத்துப் போஸ்டரை ஆடு எனக்கு முன்னால் தின்றிருந்தது. உன்னைத் தின்றுவிட்டது, என்னைத் தின்றுவிட்டது, சிவப்பு மை பிடிக்கவில்லை போல, காலேஜ் பேரை மட்டும் விட்டுவிட்டது.

அப்புறம் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஜலால் பாயிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "வுடும்மா தங்கச்சி. என் கடையில பில்லு போடற பையன் பெரிய காலேஜ்லதான் படிச்சான், நல்ல பையன், ஆனா கூட்டல் தப்பா வந்தா காலேஜ் பேரச் சொல்றான். காலேஜா வந்து கூட்டப் போவுது?" என்றார். அந்த நேரம் பார்த்து, செயின் போட வந்திருந்த சிட்லபாக்கம் ராஜகோபாலன் சார், முப்பது வருஷம் ஆபீசில் வேலைக்கு ஆள் எடுத்த மனுஷர், தலையை ஆட்டினார். "பாய், தப்பா நினைக்காதீங்க. இருநூறு அப்ளிகேஷன் வரும். எல்லாத்தையும் படிக்க எங்களுக்குப் பொறுமை கிடையாது. முதல்ல காலேஜ் பேரைப் பார்த்துத்தான் ரெண்டு கட்டாப் பிரிப்போம். தெரியாத காலேஜ் கட்டை சாயங்காலம் பார்க்கலாம்னு வைப்போம். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவோம்." பாய், "அந்தக் கட்டுல நல்ல ஆளு இருந்தா?" என்று கேட்டார். சார், "இருந்திருப்பா" என்றார். சார் பொய் சொல்கிறவர் இல்லை. நீ ஆசைப்பட்டதில் தப்பு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பொய் சொன்னதுதான் தப்பு.

மறுநாள் சாமுவை இழுத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறி உன் பெரிய காலேஜுக்கே போனேன். பல்லாவரம் வந்தபோது இரண்டு பேரும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம். கேட்டு என்றால் கேட்டு, கோயில் மாதிரி வளைவு. செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வாட்ச்மேன் நல்ல மாதிரிதான். "லிஸ்ட்டு முடிஞ்சி கிளாஸே ஆரம்பிச்சாச்சும்மா. வூட்டுக்கு லெட்டர் வந்துச்சா?" வரவில்லை என்றேன். "அப்ப பேரு இல்ல. இருந்தா கட்டாயம் லெட்டர் வந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான், உன் மணி உடைந்துபோனது. நான் அந்த வளைவுக்குக் கீழேயே உட்கார்ந்து அழுதேன். சாமு என் முந்தானையால் என் மூஞ்சியைத் துடைத்து, "அப்பா ஆசையில சொல்லிட்டாரும்மா. நான் படிக்கத்தான போறேன், போஸ்டர்ல நிக்கவா போறேன்? எழுந்திரு, டிரெயினு போயிடும்" என்றாள்.

துளசிங்கம் மாமாவிடம் சொன்னதும் அவர் குதித்த குதிதான் உனக்குத் தெரியுமே. "ஊரெல்லாம் ஒட்டியாச்சி, இப்ப தகரக் கொட்டாயில சேந்தா குடும்ப மானம் இன்னாவறது? ஒரு வருசம் வூட்லயே கெடக்கட்டும். அட்த்த வருசம் ஆளப் புட்ச்சி அதே காலேஜ்ல சேக்கறேன். அதுவரிக்கும் யாராச்சும் கேட்டா, அப்பன் பூட்ட துக்கம், லீவு போட்டுகீதுன்னு சொல்லு" என்றார். போஸ்டர் பொய்யாகக் கூடாது என்பதற்காக ஒரு பெண் ஒரு வருஷம் சும்மா இருக்க வேண்டுமாம். நானும் இரண்டு நாள் சரிதானோ என்று இருந்தேன், உன் ஆசையாச்சே என்று. அந்த இரண்டு நாளும் சாமு உன் கடையில் உட்கார்ந்து, கோணலாகாத வீலை எல்லாம் எடுத்து எடுத்துக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்க்க முடியாமல்தான் நேற்று ஊரப்பாக்கத்துக்குப் போனோம். தகரம் இல்லை, சிமெண்ட் ஷீட்டு. போர்டில் பாதி எழுத்துதான் எழுதியிருக்கிறது, பெயிண்டர் ஊருக்குப் போயிருக்கிறாராம். ரயில் போனால் பாடம் நிற்கிறது. அந்த மேடம் பேர் சாராள். என்னை உட்கார வைத்து, "அம்மா, மறைக்காம சொல்றேன். லைப்ரரின்னு ரெண்டு பீரோதான். அதுல ஒண்ணு தொறக்காது" என்றாள். சாமு உடனே, "சாவி இல்லையா மேடம், துருவா? துருன்னா கிரீஸ் போட்டு நான் தொறக்கறேன்" என்றாள். மேடம் சிரித்தாள், சாமுவும் சிரித்தாள். நீ போன பிறகு அவள் பல்லை நான் நேற்றுத்தான் பார்த்தேன். ராஜகோபாலன் சாரின் சாயங்காலக் கட்டு எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை சேர்க்கிறோம், அதுதான் கடைசி நாள். மாமாவிடம் நாளைக்குப் படையல் முடிந்து, சாப்பிட்டு, வெற்றிலை போடும்போது சொல்வேன். போஸ்டர் ஒரு மழைக்குத் தாங்காது மாமா, இவளுக்கு மூணு வருஷப் படிப்பு என்று சொல்லப்போகிறேன். நீ என் பக்கம் நில்லு. பொய் சொன்னதற்கு அதையாவது செய்.

வேறு விசேஷம் இல்லை. சாமு பரீட்சை எழுதின பச்சைப் பேனாவை ஒரு மாசமாகக் காணவில்லை, அதையே தேடிக்கொண்டிருக்கிறாள். ஜலால் பாய் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கிருந்தே பிள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணு. எனக்கும் மிச்சம் இருந்தால் கொஞ்சம்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத
தனம்

பின்குறிப்பு: எழுதி மடித்த பிறகு, படையலில் வைக்க உன் காக்கிச் சட்டை வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரித்தேன். சட்டைப் பையில் சாமுவின் பச்சைப் பேனா இருந்தது. தாம்பரத்திலிருந்து, பெரிய காலேஜுக்கு இறங்குகிற பார்க் ஸ்டேஷனுக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது, பல்லாவரத்துக்கு இல்லை; மார் வலித்துத்தான் வழியில் இறங்கியிருக்கிறாய். நாலாக மடித்து ஒரு லெட்டரும் இருந்தது. பெரிய காலேஜ் முத்திரை போட்டு, நம் கடை விலாசத்துக்கு வந்தது. சாமுவுக்கு இடம் இருக்கிறது, 28.6.91 வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று இருக்கிறது. அடியில் இரண்டு கோடு. ஒன்றில் 'சேருகிறோம்', இன்னொன்றில் 'சேரவில்லை'. இரண்டும் காலியாக இருக்கிறது. மேலே நான் உன்னைப் பொய்யன் என்று எழுதின இடமெல்லாம் அடித்துவிட்டுப் படித்துக்கொள். திங்கட்கிழமை முடிகிறவரைக்கும் இதைச் சாமுவிடம் காட்டமாட்டேன். ஆனால் எனக்கு மட்டும் சொல்லு. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, சந்தைக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிள்ளையின் பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாயே, அந்த இரண்டு கோட்டில் எதில் கையெழுத்துப் போடப் போனாய், பெல்லு?