இதர வகுப்புத் தவளை

குழந்தை தவளையை வாயில் வைத்துவிட்டால், அது எந்த இனத் தவளை என்று தெரிந்துகொண்ட பிறகே மருந்து கொடுக்க வேண்டும். இதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது.

எங்கள் ஊரான சோளக்காட்டில் மழை ஓய்ந்ததும், மரவள்ளிக் காட்டில் மண்ணைப் பிளந்துகொண்டு உருண்டையாக ஒரு தவளை வந்தது. என் மகன் முகேஷ் அதைப் போண்டா என்றே எடுத்துக்கொண்டான். உதடு வீங்கியது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் இமானுவேல் உதட்டைப் பார்க்கவில்லை. ஊறுகாய் ஜாடியில் மண்ணோடு நான் கொண்டுபோன தவளையைப் பார்த்தார்.

"இனம் தெரிஞ்சாத்தாம்மா மருந்து. எழுத்துல வாங்கிட்டு வாங்க."

இனத்தை எழுத்தில் தரும் அலுவலகம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், சாதிச் சான்று தரும் தாலுகா அலுவலகம். கேள்வி கேட்காமல் வரிசையில் நிற்கக் கான்வென்ட்டில் கற்றுத் தந்திருந்தார்கள். முகேஷை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் காட்டுப் பாவாயியக்கா துணைக்கு வந்தார்.

"விண்ணப்பதாரர் எங்கே?" என்றார் அலுவலர் நவநீதகிருஷ்ணன்.

"ஜாடியில சார்."

"தகப்பனோட சான்று?"

"சார், இது தவளை."

"இருக்கட்டும். தகப்பனுக்கு இருந்தாத்தானே பிள்ளைக்கு?"

"குழந்தைக்கு உதடு வீங்குது சார்."

"அது சுகாதாரம். இங்க இனம் மட்டும். நிரந்தர இருப்பிடம்?"

பாவாயியக்கா முந்திக்கொண்டார். "மண்ணுக்குள்ளங்க சார். வருசம் பூரா கீழயே கெடக்கும். மழை பேஞ்சா மேல வந்து கத்தும். ஆள் கிட்டப் போனா, பின்னங்காலால மண்ணத் தள்ளிக்கிட்டே பின்னாடியே எறங்கிருமுங்க. மூஞ்சி மட்டும் நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கும்."

அலுவலர் முகத்தில் முதன்முறையாக ஒரு பரிவு தெரிந்தது.

"எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று கேட்டார்.

பிறகு கள ஆய்வுக்காக ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் மண். 'விண்ணப்பதாரர் நேரில் ஆஜராகவில்லை' என்று குறித்துக்கொண்டு, இனப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினார். தவளை இல்லை. ஆனால் எந்தப் பட்டியலுக்கும் அடியில் ஓர் இடம் உண்டல்லவா? 'இதர' என்று எழுதி சீல் வைத்தார்.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "நல்லவேளை, இதர. இதரவுக்கு இந்த சிரப்."

"வேற இனமா இருந்திருந்தா சார்?"

"அதுக்கும் இதான். ஆனா தெரியாமக் கொடுக்கக் கூடாதில்லம்மா?"

வீடு வந்ததும் பாவாயியக்கா முகேஷின் தாடையைத் திருப்பிப் பார்த்தார். "வீக்கம் வத்திப்போச்சே கண்ணு. இனி மருந்து எதுக்கு?"

நானும் பார்த்தேன். உதடு உதடாகத்தான் இருந்தது.

"சீல் வெச்சுக் குடுத்திருக்காங்கக்கா" என்று சொல்லி, அவன் மூக்கைப் பிடித்து ஊற்றினேன்.