தகப்பன் மானம் காத்த சபை

செடியின் கருவுக்கே நீதி வழங்கிய சபை உலகில் ஒன்றே ஒன்றுதான். அது பலாபத்வலவுக்குப் பக்கத்தில் எங்கள் விதை நிலையத்தின் ‘தொழில்நுட்ப ஆலோசனைச் சபை’. அதன் தட்டச்சாளன் நான். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

பணிப்பாளர் ரிஸ்விதான் சபைத் தலைவர். தான் உண்டாக்கிய கொச்சிக்காய், அதாவது மிளகாய், இனத்துக்கு மிகுந்த அடக்கத்தோடு ‘ரிஸ்வி-1’ என்று பெயர் வைத்தவர். அதன் மகரந்தத்தைத் தூவினால் எந்தச் செடியும் வீரிய விதை தரும் என்பது அவர் கொள்கை. ஆகவே தாய்ச் செடிகளாக, அலுவலக வாசலில் அழகுக்கு வைத்த தொட்டிக் கொச்சிக்காய்ச் செடிகளையே தெரிவு செய்தார். தண்ணீர் ஊற்ற வசதி.

அவற்றைப் பராமரித்த ஆராய்ச்சி உதவியாளர் ஜஸ்லா கருக்களைச் சோதித்து அறிக்கையோடு வந்தார்.

“சேர், மொத மூணு நாளும் தாயோட மரபணுதான் கருவ வளக்குது. தகப்பனோடது பொறகுதான் முழிக்குது. இந்தத் தொட்டிச் செடியில கரு தங்காது. லக்கல ஊர்க் கொச்சிக்காயத் தாயா வைப்போம்.”

சபையின் ஐந்து ஆண்களும் புண்பட்டுப் போனார்கள். தகப்பன் மூன்று நாள் தூங்குவதா?

“இத ஒங்க வாப்பா கேட்டா என்ன நெனைப்பாரு?” என்றார் பணிப்பாளர்.

பிறகு வாக்கெடுப்பு. தகப்பன் மரபணு முதல் நாளே விழித்திருப்பதாக ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அறிக்கையில் ‘தாய்’ பதினாறு இடத்திலும் ‘தந்தை’ நாலே இடத்திலும் இருந்த ‘பாரபட்சம்’ களையப்பட்டது. களைந்தவன் நான்தான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் என் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை.

அதே தொட்டிச் செடிகளின் விதைகள், பணிப்பாளர் படம் போட்ட பொதிகளில் லக்கலவுக்குப் போயின. ஒரு மாதத்தில் அங்குள்ள பல்லேகம விவசாயி மஹ்ரூப் இரண்டு பஸ் மாறி வந்து நின்றார்.

“ஒண்ணுகூட மொளைக்கலிங்க. இருவது நாளா வெறும் மண்ணத்தான் யானைகிட்டயிருந்து காவல் காத்திருக்கேன். இந்தப் போகம் போச்சு.”

விசாரணை நடத்தியதும் அதே சபைதான். ஜஸ்லாவின் திருத்தாத அறிக்கையைத் தேடி எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். உண்மை கடைசியில் வென்றுவிட்டது என்றுகூட நினைத்தேன். பிறகு ஜஸ்லாவுக்கு அனுப்பவேண்டிய கடிதத்தைப் பணிப்பாளர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்:

“முதல் மூன்று நாளில் தந்தைக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்பதைத் தங்கள் ஆய்வே நிரூபித்துள்ளது. ஆகவே கரு அழிந்ததற்குத் தாயே முழுப் பொறுப்பு. தாய்ச் செடிகளைப் பராமரித்தவர் என்ற வகையில், தாங்கள் நாளை முதல் வேலைக்கு வரவேண்டியதில்லை.”

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அந்த மாதமே என்னை நிரந்தரமாக்கினார்கள்.