கெம்பிருவெ பார்த்துக்கொள்ளும்

மரியாதைக்குரிய சம்பந்தி மாதேஸ்வரன் அவர்களுக்கு,

தங்கதுரை வணங்கி எழுதுவது. நானும் பவளமும் உங்கள் தோட்டத்து வீட்டில் உடம்புக்குச் சௌக்கியம், மனசுக்குத்தான் இல்லை. பெங்களூரில் உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சத்யப்ரியா சொன்னாள், சந்தோஷம். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். கட்டு அவிழ்த்த பிறகு நீங்களே படியுங்கள். மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

காரில் ஏறிக்கொண்டே கையைக் காட்டி, "மத்ததெல்லாம் எப்படியோ போவட்டும், அந்த வேலியோரத்து மாமரத்த மட்டும் பாத்துக்குங்க" என்றீர்கள். நானும் பார்த்துக்கொண்டேன். மரம் பூத்துக் குலுங்கியபோது, ஓசூருக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருந்ததால், பக்கத்துத் தோட்டத்துக் கெம்பம்மாவிடம் அதுவரை மரத்துக்கு யார் காவல் என்று கேட்டேன். "கெம்பிருவெ இதெ அண்ணா, அதே நோட்கொள்ளுத்தெ" என்று கன்னடத்தில் சொன்னாள். சாத்தூரில் பிறந்த என் காதில் அது "கெம்பு இருப்பேன், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று விழுந்தது. அவள் பெயரே கெம்பம்மா, வேறு என்ன நினைப்பேன்? நன்றிக்கு அரைக்கிலோ மிக்சர் வாங்கிக் கொடுத்தேன். அவளும் எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்து பூவை மோந்து பார்க்கக் கிளையை வளைத்தேன், அவ்வளவுதான், பனியனுக்குள் சிவப்பெறும்புப் படை இறங்கிவிட்டது. பனியனைக் கிழித்து எறிந்து, வேட்டியையும் உதறிவிட்டு நான் குதித்த நேரம் பார்த்துத்தானா கம்பெனி பஸ் ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டும்? அந்த ரோஷத்தில் போச்சம்பள்ளிக்கு ஓடி மருந்து வாங்கினேன். கடைக்காரர் "பூ நேரத்துல அடிக்காதீங்க சார்" என்று சொல்லத்தான் செய்தார். ஆயுசு முழுக்கக் குவாலிட்டி செக்ஷனில் இருந்தவனுக்கு ஒரு எறும்பு மிஞ்சினாலும் ரிஜெக்ட் அல்லவா, மரம் நனைய நனைய அடித்தேன். எறும்பு செத்தது. கூடவே தேனீயும் ஈயும் செத்தன. பின்னாலேயே தத்துப்பூச்சி வந்து பூங்கொத்தையெல்லாம் உறிஞ்ச, இலையெல்லாம் பிசுபிசுத்துக் கரி பூசிக்கொண்டது. பூ முழுக்க உதிர்ந்துவிட்டது.

கெம்பம்மாவிடம் போய், "பாத்துக்கிடுதேன்னு சொன்னியேம்மா" என்று கேட்டேன். "நான் எங்கண்ணா சொன்னேன், கெம்பிருவென்னா செவப்பெறும்பு. மரம் அதுக்கு எலையில வூடு குடுக்குது, அது பூச்சியத் தின்னுட்டுக் காவலுக்கு நிக்குது" என்றாள். காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவைத்தவன் நான். அவள் முன்னால் அழுதுவிட்டேன். "போவுது வுடுங்கண்ணா, மரம் எங்கயும் ஓடிப்போறதில்ல" என்று சமாதானம் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் எங்களுக்குக் களியும் கீரைக்குழம்பும் அவள் வீட்டிலிருந்துதான் வருகிறது.

சம்பந்தி, அந்தக் காயில்தான் சம்பந்தியம்மா வருஷா வருஷம் ஊறுகாய் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். அப்பன் செய்த கோளாறுக்கு என் மகளை மட்டும் உங்கள் வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. காலில் விழுந்து கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளையும் சத்யப்ரியாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம். உங்கள் கண் சீக்கிரம் தெளியட்டும், இந்த மரத்தைப் பார்க்கும் அவசரம் மட்டும் அதற்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சம்பந்தி
தங்கதுரை

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரம் கெம்பம்மாவின் மகள் மணிமேகலை ஏணி கேட்டு வந்தாள். "எங்க மரத்துல காஞ்ச கெளைய வெட்டணும் மாமா" என்று நான் மருந்தடித்த மரத்தைக் காட்டினாள். வேலி உண்ணிச்செடிக்குள் மூழ்கிக் கிடந்ததில் எனக்கு எல்லை தெரியவில்லை. உங்கள் மரம் இந்தப் பக்கம், எறும்புக் கூடும் பிஞ்சுமாக நன்றாகவே இருக்கிறது. அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு மரம்தானாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மாமா அழுவுறாரு, சொல்லாதன்னு அம்மாதான் சொல்லுச்சு" என்றாள். ஆகவே மேலே உங்களிடம் கேட்ட மன்னிப்பைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். அது பக்கத்து வீட்டுக்குச் சேர வேண்டியது.