நெற்றியில் எலி கடிக்கவில்லை, அக்கா

என்றென்றும் என் மரியாதைக்குரிய அக்காவுக்கு, உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அங்கே நீ, அத்தான், அத்தானுடைய வலது முழங்கால் ஆகிய மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்னை எலி கடிக்கவில்லை. அன்றைக்குப் போனில் நான் சொன்னது, "நெத்தியில எலும்பு வளந்திருக்கு, எடுக்கப்போறாங்க" என்பது. உன் காது மிஷின் அப்போது சார்ஜில் கிடந்திருக்கும் போலிருக்கிறது. நீ, "எலியா? நெத்தியிலயா? தூங்குறப்பவா?" என்று கேட்டாய். நான், "எலும்பு, எலும்பு" என்று அழுத்திச் சொன்னேன். "ரெண்டு எலியா?" என்றாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாளே சித்தப்பா கூப்பிட்டு எந்த மாதிரிப் பொறி வாங்க வேண்டும் என்று விளக்கினார். பெரியம்மா மகன் ஊசி போட்டாயிற்றா என்று விசாரித்தான். அவன் மனைவி பின்னாலிருந்து, "ஒரு பூனை வளத்தா என்னவாம்" என்று சொன்னது எனக்கே கேட்டது. ஆகவேதான் இனிமேல் போன் வேண்டாம், உட்கார்ந்து எழுதிவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஒன்றும் விடாமல் எழுதுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

என் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் மேலே பக்கத்துக்கு ஒன்றாகப் புடைத்துக்கொண்டிருந்ததே, அதை நீயும் பார்த்திருக்கிறாய். கொசு கடித்த மாதிரி ஆரம்பித்தது. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு கோலிக்குண்டு அளவுக்கு வந்து நின்றது. தொட்டால் கல் மாதிரி இருக்கும், வலிக்காது. எங்கள் பல் லேபில் என் பக்கத்து மேஜைக்காரர், நாங்கள் மீசை என்று கூப்பிடுகிறவர், எனக்குக் காளை என்று பெயர் வைத்தார். நானும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். பல் செட்டுக்கு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு வைக்க வேண்டும், அதற்குத் தலையில் பட்டை கட்டி லென்ஸ் மாட்டிக்கொள்ள வேண்டும். பட்டை இந்த இரண்டு மேட்டுக்கும் மேலே உட்கார்ந்தால் லென்ஸ் வானத்தைப் பார்க்கும், கீழே உட்கார்ந்தால் மூக்கில் வந்து விழும், மேட்டின் மீதே வைத்து இறுக்கிக் கட்டினால் சாயங்காலம் மண்டை விண் விண் என்று தெறிக்கும். இப்படியே சமாளித்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் ஒரு பெரியவருக்கு இரண்டு பக்கமும் இடது பக்கத்துக் கோரைப்பல்லையே நட்டுவிட்டேன். லேப் முதலாளி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவரு ஒரு பக்கமாத்தான் சிரிப்பாரா?" என்று கேட்டார். பிறகு மெதுவாக, "அந்தக் கொம்பை முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

காட்டினோம். டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புதான் கொஞ்சம் தடித்து வளர்ந்திருக்கிறது, கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லை, பட்டை அழுத்தித் தலைவலி வருவதால் எடுத்துவிடலாம், நெற்றியில் கீறாமல் முடிக்குள்ளே சின்னதாகக் கீறி உள்ளே கேமரா விட்டு எடுப்போம் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். உன் தம்பி பெண்டாட்டி அத்தனையும் கேட்டுவிட்டு, "எதை வச்சு எடுப்பீங்க?" என்றாள்.

"உளிம்மா. சின்னதா இருக்கும்."

"உளியா? இவரு தலை என்ன கல்லா டாக்டர்?"

"அந்த ரெண்டு இடம் மட்டும் கல்லு மாதிரிதாம்மா இருக்கு."

நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் லேபிலும் சின்ன மிஷின் வைத்துத்தான் ராவுகிறோம், நீங்கள் ராவுவீர்களா, தட்டுவீர்களா என்று டாக்டரிடம் தொழில்முறையில் பேச ஆரம்பித்தேன். "நீங்க படுத்துத் தூங்குங்க சார், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். கிளம்பும்போதுதான், எடுத்த எலும்பைப் பரிசோதனைக்கு அனுப்புவோம், எல்லோருக்கும் அனுப்புவதுதான் என்றார். அந்த ஒரு வார்த்தையை இவள் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் செருப்பைத் தாறுமாறாக விட்டதற்கு ஒரு பாட்டம் திட்டினாள். பயந்தால் அவள் திட்டுவாள், அது உனக்கே தெரியும். ஆபரேஷன் நடக்கிற நாள் வரைக்கும் நான் விளக்கை அணைக்காதது, துண்டை நாற்காலியில் போட்டது, மூச்சு விட்டது எல்லாவற்றுக்கும் திட்டு வாங்கினேன். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட, "சட்டைப் பையில சில்லறை, சாவி, எல்லாம் அப்படியே இருக்கு, ஒரு ஒழுங்கு இருக்கா" என்று சொல்லிக்கொண்டே கூட வந்தாள். கதவு சாத்துகிற வரைக்கும் என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ், "அம்மா, விட்டாத்தான் உள்ளே கொண்டுபோக முடியும்" என்றார்.

ஆபரேஷனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது தலையைச் சுற்றித் தலைப்பாகை மாதிரிக் கட்டு. வலி தாங்க முடியாதது என்று சொல்ல மாட்டேன். உச்சந்தலை மட்டும் மரத்துப்போய், தொட்டால் யாரோ மூன்றாம் மனிதர் தலையைத் தொடுகிற மாதிரி இருந்தது, இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது, போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். வேடிக்கை வீட்டுக்கு வந்த பிறகுதான். நெற்றி வீக்கம் கீழே இறங்குமென்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அது இறங்கி நேரே இரண்டு கண்ணிலும் வந்து குடியேறிவிட்டது. கண் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் உப்பி, இமை ஒட்டிக்கொண்டு, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மீசை என்னைப் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்று இவளிடம், "தங்கச்சி, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றாராம்.

அப்புறம் நான் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி குழந்தை மாதிரி ஆகிவிட்டேன். சூப்பை ஸ்பூனில் ஊட்டினாள். ஆரம்பத்தில் பாதி மூக்குக்குப் போனது. கைப்பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். பொழுது போகவில்லை என்று நான் முனகியதால் தினமும் காலையில் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எனக்குப் பேப்பர் படித்துக் காட்டினாள். அக்கா, அந்த நாட்களில் நாட்டு நடப்பு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? படகு கவிழ்ந்தது, எல்லோரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். ஒரு குடோனில் தீப்பிடித்தது, உள்ளே யாருமில்லை. காணாமல்போன குழந்தை பாட்டி வீட்டுக் கட்டிலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொள்ளப் போய், மழை வந்து, ஒரே கடையில் ஒதுங்கி டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டத்தான் செய்தது. ஆனால் கண் தெரியாதவன் எதை வைத்துக் கேட்பது?

அடுத்து எழுதப்போவதை நீ யாரிடமும், முக்கியமாக இவளிடம் சொல்லக் கூடாது.

ஒரு காலையில் இடது கண்ணில் நூலிழை அளவுக்கு இடைவெளி விட்டது. ஜன்னல் வெளிச்சம், அதில் மங்கலாக இவள். ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டு, செய்தி படித்துக்கொண்டிருந்தாள். பேப்பர் மடிப்புக் கலையாமல் டிவி மேலே கிடந்தது. பார்வை என் முகத்தின் மேலேயே இருந்தது. ஒரு பஸ் பள்ளத்தில் இறங்கியது என்றாள், கொஞ்சம் யோசித்தாள், ஒரு பீன்ஸை நறுக்கினாள், பிறகு, "அங்க வைக்கப்போர் இருந்ததால யாருக்கும் அடியில்லையாம்" என்று முடித்தாள். அப்படி ஒரு முகத்தை நான் இதுவரை அவளிடம் பார்த்ததில்லை. திட்டுகிற முகம் தெரியும், கணக்காக வேலை செய்கிற முகம் தெரியும். இது எனக்குத் தெரியாமல் இவ்வளவு காலமும் எங்கே வைத்திருந்தாளோ. கண் திறந்துவிட்டது என்று சொன்னால் ஸ்டூலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் கண் நன்றாகவே திறந்துகொண்டது. நான் இமையைத் தாழ்த்திக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்தேன். கதவு நிலையில் ஒருமுறை வேண்டுமென்றே தோளை இடித்துக்கொண்டேன். என் வயசுக்கு இது தேவையா என்று நீ கேட்பாய். தேவையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் போன் வந்தது. இவள் பால்கனிக்குப் போய்ப் பேசினாள். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் பீன்ஸும் இல்லை, பேப்பரும் இல்லை. வழக்கம்போலக் குரலைச் சரிசெய்துகொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

"பல் செட் செய்யற ஒருத்தருக்கு நெத்தியில ஆபரேஷன் பண்ணி எடுத்தது வெறும் எலும்புதானாம். வேற ஒண்ணும் இல்லையாம். ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம்." கடைசி வார்த்தை வரும்போது குரல் உடைந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கண் தெரியாதவன் கட்டிப்பிடிக்க எழுந்து நேரே போக முடியுமா? உட்கார்ந்தபடியே, "எந்தப் பக்கத்துல போட்டிருக்கான்?" என்று கேட்டேன்.

"முதல் பக்கம்" என்றாள், துண்டுக்குள்ளிருந்து.

இப்போது தையல் பிரித்தாயிற்று. லென்ஸ் பட்டை நெற்றியில் கச்சிதமாக உட்காருகிறது. லேபுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெரியவருக்கு இரண்டு பக்கமும் சிரிக்கிற மாதிரி புதிதாகச் செய்து கொடுத்தேன். மீசைக்குத்தான் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை, கன்றுக்குட்டி என்று சொல்லிப் பார்க்கிறார்.

அத்தானை மாடிப்படி ஏற விடாதே. காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு யாருக்கும் போன் செய்யாதே. நீங்கள் இருவரும் நல்லபடியாக இருந்து எங்களையும் நல்லபடியாக இருக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சித்தப்பாவிடம் பொறி வேண்டாம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: அண்ணி, நான் எழுதுகிறேன். ஸ்டாம்ப் ஒட்டக் கொடுத்தார். கவரைச் சரியாகவே ஒட்டவில்லை, எதைத்தான் ஒழுங்காகச் செய்தார்? அவருக்குக் கண் திறந்தது அன்றைக்கே எனக்குத் தெரியும். நான் டம்ளரை நீட்டுவதற்கு முன்னாலேயே கையை நேராகக் கொண்டுவந்துவிட்டார். கேட்கலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் அண்ணி, அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கேயும் பார்க்காமல், அவ்வளவு நேரம், என்னையே. பார்ப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்ததால்தானே அப்படிப் பார்த்தார்? அதனால் நானும் மறுநாள் தலையை நன்றாகச் சீவி, நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஸ்டூலை வெளிச்சத்துக்குத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். உங்கள் தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள்.